எகிப்தின் பேரரசுக் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து என்றதும் பேச்சு பிரமிடு, மம்மி, சாபம் என்று போய்விடுகிறது. இந்தப் பக்கம் வேறொன்றைப் பற்றியது. எகிப்து தன் எல்லையைத் தாண்டிப் படை நடத்தி, திறை வாங்கி, அயல்நாட்டு மன்னர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த சுமார் 500 ஆண்டுகளைப் பற்றியது. மன்னர்கள் கோவில் சுவரில் வெட்டிவைத்தது ஒரு கதை. மற்றவர்கள் களிமண் பலகையிலும் உடைந்த பானை ஓட்டுச் சில்லிலும் எழுதிவைத்தது இன்னொரு கதை. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்களில் நான் பெரும்பாலும் ஓட்டுச் சில்லின் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

பேரரசுக் காலம் என்பது எப்போதிலிருந்து எப்போது வரை?

ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரை. வரலாற்று நூல்கள் இதைப் 'புதிய அரசு' என்று அழைக்கின்றன. 18, 19, 20-ஆம் வம்சங்கள் இதில் அடங்கும். ஆண்டுகள் நூலுக்கு நூல் சற்று மாறும். எகிப்தியர்கள் தொடராண்டு முறை வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மன்னர் பட்டமேறும்போதும் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். அந்தக் கணக்குகளைக் கோத்து ஒரு வரிசையாக்குவது இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் வேலை.

கீசா பிரமிடுகள் இந்தக் காலத்தில் கட்டப்பட்டவையா?

இல்லை. துட்டன்காமன் பிறந்தபோதே கூபுவின் பெரிய பிரமிடுக்கு 1,200 வயது. பேரரசுக் காலத்தின் முதல் மன்னர் அகமோஸ் அபிதோசில் ஒரு பிரமிடு கட்டினார். அதற்குப் பின் வந்தவர்கள் தீப்ஸ் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மன்னர் பள்ளத்தாக்கின் பாறைகளைக் குடைந்து ஒளித்துப் புதைக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். ஒளித்தும் பயனில்லாமல் போனது. அது கீழே வருகிறது.

நைல் கரையோடு இருந்தவர்கள் ஏன் படை திரட்டிக் கிளம்பினார்கள்?

அடி வாங்கியதால். கி.மு. 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் வட எகிப்து ஹிக்சோஸ் என்ற மேற்காசிய மரபினரின் கையில் இருந்தது. கழிமுகத்தின் கிழக்கே இருந்த அவாரிஸ் அவர்களுடைய தலைநகர். தெற்கே நூபியாவில் கூஷ் அரசு வலுத்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட தீப்ஸ் மன்னர்கள் சண்டையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான செக்கெனென்ரே தாவோவின் மம்மி கெய்ரோவில் இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் ஆயுதம் பிளந்த காயங்கள் இன்றும் தெரிகின்றன. அவற்றில் ஒன்று கோடரி வெட்டு. எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாத தோல்வியை அந்த மண்டை ஓடு சொல்லிவிடுகிறது.

அவருக்குப் பின் காமோஸ் போரைத் தொடர்ந்தார், அகமோஸ் முடித்துவைத்தார். அவாரிஸ் விழுந்தது. எகிப்தியப் படை எல்லையோடு நிற்காமல் தென் பாலஸ்தீனத்தின் ஷாருஹென் வரை விரட்டிப்போய் அந்த ஊரையும் முற்றுகையிட்டது. குதிரை பூட்டிய தேரும், மரமும் கொம்பும் நரம்பும் சேர்த்து ஒட்டிய வில்லும் ஆசியாவிலிருந்து எகிப்துக்கு வந்தது ஹிக்சோஸ் காலத்தையொட்டித்தான். எதிரியிடமிருந்து கற்ற ஆயுதத்தைக் கொண்டே எதிரியின் ஊருக்குப் போனார்கள்.

இந்தப் போர்களில் கப்பல் வீரனாக இருந்த ஒருவனுடைய தன்வரலாறு எல்காபில் அவனுடைய கல்லறைச் சுவரில் இருக்கிறது. அவன் பெயரும் அகமோஸ், எபானாவின் மகன். அவாரிஸ் கொள்ளையில் ஒரு ஆணையும் மூன்று பெண்களையும் பிடித்ததாகவும், மன்னர் அவர்களைத் தனக்கே அடிமைகளாகக் கொடுத்துவிட்டதாகவும் கணக்குச் சொல்கிறான். மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்து, ஏழு முறை தங்கம் பரிசு பெற்றிருக்கிறான். சாதாரண வீட்டுப் பிள்ளைக்குப் போர் ஒரு பிழைப்பாக மாறிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஹட்செப்சுட்டின் பெயரைத் துத்மோஸ் பழிவாங்கத்தான் அழித்தாரா?

சிறுவன் மூன்றாம் துத்மோசுக்குத் துணையாக ஆட்சிக்கு வந்த சிற்றன்னை ஹட்செப்சுட், சில ஆண்டுகளில் தானே மன்னர் பட்டம் சூட்டிக்கொண்டார். சிலைகளில் பொய்த்தாடியும் வைத்துக்கொண்டார். இதை வைத்துப் பலர் ஒரு குடும்பச் சண்டையைக் கற்பனை செய்துவிட்டார்கள். ஆனால் பெயர் அழிப்பு நடந்தது அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, துத்மோசின் ஆட்சி முடியும் தறுவாயில். கோபம் அவ்வளவு நாள் காத்திருக்காது. மகனுடைய வாரிசுரிமையில் சிக்கல் வராமல் பட்டியலைச் சுத்தம் செய்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஹட்செப்சுட் போரே செய்யவில்லை என்று சொல்வதும் சரியல்ல, நூபியாவுக்குப் படை போயிருக்கிறது. ஆனால் தன் சுவரில் அவர் பெருமையாக வரையச் சொன்னது வாணிபத்தை. தேர் எல் பகாரி கோவிலில், செங்கடல் வழியே தெற்கே புன்ட் நாட்டுக்குப் போன ஐந்து கப்பல்கள் இருக்கின்றன. வெள்ளைப்போள மரங்களை வேரோடு பெயர்த்துக் கூடையில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றுகிறார்கள். கப்பலுக்கு அடியில் நீந்தும் மீன்களைக்கூட சிற்பி விடவில்லை. செங்கடல் மீன்களை இனம் காணும் அளவுக்குச் செதுக்கியிருக்கிறான்.

மூன்றாம் துத்மோசை 'எகிப்தின் நெப்போலியன்' என்று சொல்வது சரியா?

பழைய பாடநூல் பட்டம். தோற்றுத் தீவில் அடைபட்டு இறந்தவரின் பெயரை, அப்படி எதுவும் நேராதவருக்குச் சூட்டுவது விசித்திரம்தான்.

கி.மு. 1457-இல் பாலஸ்தீனத்தின் மெகிடோவில், அப்பகுதிச் சிற்றரசர்களின் கூட்டணியோடு நடந்தது அவருடைய முதல் பெரிய போர். மலையைத் தாண்ட மூன்று வழிகள் இருந்தன. அருணா கணவாய் குறுகலானது, குதிரைக்குப் பின் குதிரையாகத்தான் போக வேண்டும், மாட்டினால் தீர்ந்தோம் என்று தளபதிகள் தடுத்தார்கள். மன்னர் அதில்தான் போனார். எதிரிகள் மற்ற இரு வழிகளையும் பார்த்துக் காத்திருந்ததால் திகைத்துப்போனார்கள். ஓடியவர்களைக் கோட்டைக்குள்ளிருந்தவர்கள் துணியைக் கயிறாக விட்டு மதில் மேல் இழுத்தார்கள்.

கதை இங்கே வீரமாக முடிந்திருக்கலாம். ஆனால் எகிப்திய வீரர்கள் துரத்துவதை விட்டுவிட்டு எதிரியின் பாசறையைக் கொள்ளையடிக்க இறங்கிவிட்டார்கள். கதவு மூடப்பட்டது. ஊரைப் பிடிக்க ஏழு மாத முற்றுகை தேவைப்பட்டது. கர்னாக் கோவிலின் ஆண்டுக்குறிப்பே இதை ஒளிக்காமல் சொல்கிறது: 924 தேர்கள், 2,041 பெண்குதிரைகள், கைதிகள் 340 பேர், கொல்லப்பட்டவர்களின் வெட்டிய கைகள் 83. தேர்களும் குதிரைகளும் ஆயிரக்கணக்கில், ஆட்கள் சில நூறு. எண்களைப் பார்த்தாலே அன்று படை எதைத் துரத்தியது என்று தெரிகிறது.

பிடித்த நாடுகளை எப்படி ஆண்டார்கள்?

வடக்குக்கு ஒரு முறை, தெற்குக்கு ஒரு முறை. நூபியா நேரடி ஆட்சியில் இருந்தது. 'கூஷின் அரசகுமாரன்' என்ற பட்டத்தோடு ஓர் ஆளுநர் இருந்தார். பெரும்பாலும் அவர் அரச குடும்பத்தவரே அல்ல. நான்காம் நீர்வீழ்ச்சிப் பகுதி வரை கோட்டைகளும் கோவில்களும் எழுந்தன. காரணம் தங்கம்.

சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் உள்ளூர்ச் சிற்றரசர்களையே விட்டுவைத்தார்கள். காசா போன்ற சில ஊர்களில் மட்டும் எகிப்திய அதிகாரிகள். சிற்றரசர்களின் பிள்ளைகளை எகிப்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். பிணைக்கைதியும் அவனே, நாளைக்கு விசுவாசமான வாரிசும் அவனே. செலவு குறைந்த முறை. காவல் படைகளும் சிறியவை. எருசலேம் சிற்றரசர் அப்தி-ஹெபா தன் நாட்டைக் காக்க பாரோவிடம், அதாவது எகிப்திய மன்னரிடம், கேட்டது வெறும் 50 வீரர்களை.

அமர்னா கடிதங்கள் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அவற்றில் என்ன இருக்கிறது?

இந்தக் காலத்தைப் பற்றி ஒரே ஒரு பொருளைத்தான் படிக்கலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். 1887-இல் எல் அமர்னாவில் உள்ளூர்க்காரர்கள் கண்டெடுத்த களிமண் பலகைகள். கிடைத்தவை 380 வரை, பெரும்பாலானவை கடிதங்கள். மொழி எகிப்தியம் அல்ல, அக்காடியம், எழுத்து ஆப்பெழுத்து. அன்றைய மேற்காசியாவில் அரசர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய மொழி அது. பாரோவும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார்.

சுவரில் பாரோவின் காலடியில் உலகமே விழுந்து கிடக்கிறது. கடிதத்தில் பாபிலோன், மிதானி (வட சிரியா), ஹிட்டைட் (இன்றைய துருக்கி) அரசர்கள் அவரை 'சகோதரர்' என்று விளித்துத் தங்கம் கேட்கிறார்கள், கேட்டது வராவிட்டால் சண்டை போடுகிறார்கள். பாபிலோனின் பர்ன-புரியாஷ் எழுதுகிறார்: நீங்கள் அனுப்பிய 20 மினா (அன்றைய எடை அளவு) தங்கத்தை உலையில் போட்டோம், 5 மினாகூடத் தேறவில்லை. மிதானியின் துஷ்ரத்தா, கட்டித் தங்கச் சிலை தருவதாகச் சொல்லிவிட்டு மரத்துக்குத் தங்க முலாம் பூசி அனுப்பிவிட்டார்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் புலம்புகிறார்.

பெண் கொடுத்து வாங்குவதிலும் பேரம் நடந்தது. அயல்நாட்டு இளவரசிகளை மூன்றாம் அமென்கோதெப் தாராளமாக மணந்துகொண்டார். பாபிலோனின் கடஷ்மன்-என்லில் பதிலுக்கு ஒரு எகிப்திய இளவரசியைக் கேட்டபோது, எகிப்திய மன்னரின் மகளை என்றுமே யாருக்கும் கொடுத்ததில்லை என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. அப்படியானால் அழகான ஒரு பெண்ணை உங்கள் மகள் என்று சொல்லி அனுப்புங்கள், அவள் அரசன் மகள் அல்ல என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று எழுதினார். மானத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

எனக்குப் பிடித்தது அசீரிய மன்னர் அஷூர்-உபாலித்தின் கடிதம். அவருடைய தூதர்களை எகிப்தில் வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வெயிலில் நிற்பதால் மன்னருக்கு லாபம் உண்டு என்றால் நிற்கட்டும், நின்று சாகட்டும்; லாபம் இல்லையென்றால் ஏன் சாக வேண்டும் என்று கேட்கிறார். அக்காலத்தில் சூரியனை வழிபட்ட அகெனாதெனின் அரசவைக்குப் போன கேள்வி என்று கருதப்படுவதால் இதன் சுவை இன்னும் கூடுகிறது.

அகெனாதென் பேரரசைக் கெடுத்தாரா?

அமுன் உள்ளிட்ட பழைய கடவுளரை ஒதுக்கி, ஆதென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் சொன்னார். அதற்கென்று பாலை ஓரத்தில் ஒரு புதிய தலைநகரம் கட்டினார், கடிதங்கள் கிடைத்த அமர்னா அதுதான். அவருடைய அரசி நெஃபர்டிட்டியின் புகழ்பெற்ற சிலை 1912-இல் அந்த ஊரின் சிற்பக்கூடத்தில்தான் கிடைத்தது. அகெனாதென் காலத்தில் வட சிரியாவில் ஹிட்டைட்டுகள் முன்னேறியது உண்மை. பிப்லோஸ் சிற்றரசர் ரிப்-ஹத்தா ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களில் உதவி கேட்டுக் கதறினார். ஆனால் அவர் முந்தைய மன்னரிடமும் கதறியவர். ஹிட்டைட் மன்னர் சுப்பிலுலியுமா போன்ற ஒருவர் எதிரே இருக்கும்போது பக்தியில் குறைந்த பாரோவும் திணறியிருப்பார்.

மன்னர் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு அந்த ஊரின் எளியவர் இடுகாட்டில் இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த எலும்புகளில் சத்துக்குறைவும், மிதமிஞ்சிய சுமையால் தேய்ந்த முதுகெலும்பும் தெரிகின்றன. இள வயதுச் சாவுகள் மிகுதி.

துட்டன்காமனின் சாபம்?

கல்லறையை 1922 நவம்பரில் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார். பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு கொசுக்கடி சீழ் பிடித்து 1923-இல் இறந்தார். பத்திரிகைகளுக்கு அது போதுமாக இருந்தது.

கதேஷ் போரில் வென்றது யார்?

இரண்டாம் ராமேசஸைக் கேட்டால் அவரேதான், அதுவும் தனி ஆளாக. கி.மு. 1274-இல் அவர் அமுன், ரே, ப்தா, சேத் என்று நான்கு பிரிவுகளாகப் படையைச் சிரியாவுக்கு நடத்தினார். வழியில் பிடிபட்ட இரண்டு நாடோடிகள், ஹிட்டைட் மன்னர் பயந்து அலெப்போவில் இருக்கிறார் என்றார்கள். அதை நம்பி மன்னர் ஒரே ஒரு பிரிவோடு முன்னால் போய்ப் பாசறை போட்டார். பிறகு வேறு இரண்டு ஒற்றர்கள் சிக்கினார்கள். அடித்துக் கேட்டதில் உண்மை வந்தது: முவதல்லி கதேஷுக்குப் பின்புறமே படையோடு நிற்கிறார். அந்த ஒற்றர்களைத் தடியால் அடிக்கும் காட்சியை அபு சிம்பெல் கோவில் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

2,500 ஹிட்டைட் தேர்கள் வந்து ரே பிரிவைச் சிதறடித்துப் பாசறைக்குள் புகுந்தன. அங்கேயும் கொள்ளை ஆசை குறுக்கிட்டது; இந்த முறை மாட்டியவர்கள் ஹிட்டைட்டுகள். மன்னர் தாக்குப்பிடித்தார், கடற்கரைப் பக்கமிருந்து தனிப்படை ஒன்று வந்து சேர்ந்தது, உயிர் பிழைத்தார். கதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது, பக்கத்து அமுர்ரு நாடும் அவர்களிடம் திரும்பிப் போனது. ஊர் திரும்பிய மன்னர் இந்தப் போரை ஐந்து பெரிய கோவில்களின் சுவர்களில் வெற்றியாகச் செதுக்கினார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹத்துசிலியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் உண்மையான சாதனை. ஒருவர் மேல் மற்றவர் படையெடுக்கக் கூடாது, மூன்றாமவர் தாக்கினால் உதவ வேண்டும், ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பப்பட்டவனையோ அவன் மனைவி மக்களையோ தண்டிக்கக் கூடாது. எகிப்தியப் பிரதி கர்னாக் சுவரில் உள்ளது. ஹிட்டைட்டுகள் வைத்திருந்த களிமண் பிரதி இஸ்தான்புல்லில். அதன் நகல் ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

மோசே காலத்துப் பாரோ இவர்தானா?

விவிலியம் அந்தப் பாரோவின் பெயரைச் சொல்லவில்லை. எகிப்திய ஆவணங்களில் மோசேயும் இல்லை, விடுதலைப் பயணமும் இல்லை. இஸ்ரயேல் என்ற பெயர் முதன்முதலில் வருவது ராமேசஸின் மகன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில். அங்கேயும் அழிந்துபோன இனம் என்றுதான் வருகிறது. சுவர்களை நம்பக் கூடாது என்று சொன்னேனே.

கல்லறைகளை அடிமைகள்தான் குடைந்தார்களா?

மன்னர் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்கள் தேர் எல் மெதினா என்ற சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்ந்த கைவினைஞர்கள். அரசு அவர்களுக்குத் தானியமாகப் படியளந்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியும். குப்பையில் எறிந்த ஓட்டுச் சில்லுகளும் சுண்ணாம்புக்கல் துண்டுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன: கடன் சீட்டு, சலவைக் கணக்கு, காதல் பாட்டு, கழுதை வாடகைத் தகராறு.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல், இரண்டாம் ராமேசஸின் 40-ஆம் ஆட்சியாண்டின் வருகைப் பதிவேடு. 40 பேரின் பெயர்கள் கறுப்பு மையில், வராத காரணங்கள் சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் பீர் காய்ச்சப் போனான். ஒருவன் தாயின் பிணத்துக்குத் துணி சுற்றப் போனான். மனைவி, மகளின் மாதவிலக்குக்காக விடுப்பு எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், படியரிசி நின்றுபோனது. அதாவது படிக்கோதுமையும் வாற்கோதுமையும். வேலையாட்கள் காவல் சாவடிகளைத் தாண்டி வந்து ஒரு கோவிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் வேறு கோவில்களுக்குள்ளும் போனார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கு எழுதுங்கள் என்றார்கள். முந்தைய மாத நிலுவை கிடைத்தது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இது. துரின் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் சுருளில் நாள்வாரியாக இருக்கிறது. இதே மன்னர்தான் மெதினெத் ஹாபு கோவில் சுவரில் கடல்வழி வந்த படைகளை முறியடித்த மாவீரராக நிற்கிறார். பின்னர் அந்தப்புரச் சதி ஒன்றில் கொல்லப்பட்டார். கழுத்து ஆழமாக அறுக்கப்பட்டிருப்பதை 2012-இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு காட்டியது.

எகிப்தியருக்கும் தமிழருக்கும் அப்போதே தொடர்பு இருந்ததா?

இரண்டாம் ராமேசஸின் மம்மியில், மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் பொருள். ஆகவே தென்னிந்தியச் சரக்கு கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தை எட்டியிருக்கிறது. கைமாறிக் கைமாறிப் போனாலும் மிளகு போய்ச் சேரும். தமிழர் நேரே கப்பலோட்டிச் சென்று பாரோவைச் சந்தித்தார்கள் என்று இதிலிருந்து கதை கட்ட முடியாது. செங்கடல் துறைகளான குசேர் அல் காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. ஆனால் அவை ரோமானியர் காலத்தவை, ராமேசசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பகிரப்படும் செய்திகளை ஒதுக்கிவிடலாம்.

பேரரசு எப்படி முடிந்தது?

ஒரே அடியில் விழவில்லை. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடல் உலகமே குலைந்தது. ஹிட்டைட் அரசு காணாமல் போனது. சிரியா, பாலஸ்தீனம் கைவிட்டுப் போயின. உள்ளே தானிய விலை ஏறியது, மேற்கிலிருந்து லிபியர்கள் ஊடுருவினார்கள், நிலமும் தானியமும் அமுன் கோவிலில் குவிந்தன. கடைசியில் நூபியாவும் போனது. தங்கம் போனதும் 'சகோதரர்'களுக்கு எழுத என்ன இருக்கிறது?

அரசு படியளக்காத ஊரில் ஆட்கள் கல்லறையைத் தோண்டினார்கள். ஒன்பதாம் ராமேசஸின் 16-ஆம் ஆண்டு விசாரணையில் அமென்பநுஃபர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் கிடைத்திருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பழைய மன்னரின் கல்லறையை உடைத்து, தங்கத்தை உரித்து, சவப்பெட்டிகளைக் கொளுத்தி, ஆளுக்கு 20 தெபென் பங்கு போட்டார்கள். தெபென் என்பது சுமார் 91 கிராம். பிடிபட்டபோது தன் 20 தெபெனையும் எழுத்தருக்குக் கொடுத்தான், வெளியே விட்டுவிட்டார்கள். கூட்டாளிகள் மறுபடி பங்கு போட்டுக் கொடுத்தார்கள். இதை அவன் நீதிமன்றத்தில் சாதாரணமாகச் சொல்கிறான்.

வெளியுலகில் மதிப்பு எப்படி இறங்கியது என்பதற்கு வெனாமுன் கதை. இது புனைவாகவும் இருக்கலாம், ஆனால் காலத்தின் குரல் சரியாக இருக்கிறது. அமுன் கோவில் படகுக்குத் தேவதாரு மரம் வாங்க பிப்லோஸ் போகிறார் வெனாமுன். வழியில் பணம் களவு போகிறது. என் துறைமுகத்தை விட்டுப் போ என்று 29 நாள் ஆளனுப்பிச் சொல்கிறார் பிப்லோஸ் மன்னர். உங்கள் முன்னோர் மரம் கொடுத்தார்களே என்று இவர் வாதாட, அவர் தந்தை காலத்துக் கணக்கேட்டை எடுத்து வரச் சொல்லிப் படித்துக் காட்டுகிறார்: கொடுத்தோம், காசு வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

அரச மம்மிகள் 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டு, கெய்ரோவின் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துட்டன்காமன் பொருட்கள் கீசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில். நெஃபர்டிட்டி சிலை பெர்லினில். அமர்னா கடிதங்கள் பெர்லின், லண்டன், கெய்ரோ என்று பிரிந்து கிடக்கின்றன. லக்சோருக்கு (பழைய தீப்ஸ்) போகிறவர்கள் மன்னர் பள்ளத்தாக்கோடு திரும்பிவிடுகிறார்கள். அரை நாள் ஒதுக்கி தேர் எல் மெதினாவுக்குப் போங்கள். கூட்டம் குறைவு, கைவினைஞர்கள் தங்களுக்கென்று தீட்டிக்கொண்ட சிறு கல்லறைகளில் வண்ணம் மன்னர்களுடையதைவிட நன்றாகவே நிற்கிறது.